இரும்புக் குதிரை

1. இரண்டு மாத்திரை

சிகாகோ, 1920 ஜூன் 26.

நியூயார்க்கிலிருந்து ரயிலேறி வந்த பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஊரின் பெரிய பேஸ்பால் மைதானமான கப்ஸ் பார்க்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே உள்ளூர் லேன் டெக் பள்ளி. பள்ளிக்கூட ஆட்டம்தான், ஆனாலும் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி. மூன்று பேஸிலும் நியூயார்க் பையன்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டையை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்குப் பதினேழு வயது நிரம்பி ஒரு வாரம்தான் ஆகிறது. அகலத் தோள், கனத்த தொடை. முகத்தில் மட்டும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவன் போல ஒரு கூச்சம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி: பேஸ்பாலில் பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடித்தால் ஹோம் ரன். அடித்தவனோடு பேஸில் நிற்கிற எல்லோரும் வீடு வந்து சேரலாம். மூன்று பேஸும் நிரம்பியிருந்தால் ஒரே அடிக்கு நான்கு ரன்.

பையன் அடித்தான். பந்து வலதுபக்கச் சுவரைத் தாண்டி மைதானத்துக்கே வெளியே போய் விழுந்தது. மறுநாள் பத்திரிகைகள் அவனை ஹோம் ரன் மன்னன் பேப் ரூத்தோடு ஒப்பிட்டு எழுதின. அந்த ஒப்பீடு ஆயுளுக்கும் தன் காலைச் சுற்றப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பெயர் ஹென்றி லூயிஸ் கெரிக். லூ என்றால் போதும். 1903 ஜூன் 19 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்குப் பிறந்தவன். பிறந்தபோதே ஏறக்குறைய பதினான்கு பவுண்டு, நம் கணக்கில் ஆறு கிலோவுக்கு மேல். அம்மா கிறிஸ்டினா பெற்ற நான்கு பிள்ளைகளில் மிஞ்சியது இவன் ஒருவன்தான். அப்பா ஹைன்ரிக் தகர வேலைக்காரர்; வேலை கிடைக்கும் நாளைவிடக் கிடைக்காத நாளே அதிகம், உடம்பும் ஒத்துழைக்காது. வீட்டில் அடுப்பெரிந்தது அம்மாவின் கையால். ஊரார் துணியைத் துவைத்தாள், அடுத்தவர் வீட்டில் சமைத்தாள், பிறகு கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல்காரியானாள். மகன் அங்கே பந்தி பரிமாறினான், பாத்திரம் கழுவினான். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்தான்.

அவளுக்கு ஒரே ஆசை: பிள்ளை இன்ஜினியராக வேண்டும். பந்து விளையாடிப் பிழைப்பதெல்லாம் அவள் பார்வையில் சோம்பேறிகளின் வேலை.

1921இல் கல்லூரி தொடங்குவதற்கு முன்பே ஒரு வினை வந்து சேர்ந்தது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் மேனேஜர் ஜான் மக்ரா, பேஸ்பால் உலகத்தின் மகா கெட்டிக்காரர். பொய்ப்பெயரில் போய் ஹார்ட்ஃபர்ட் அணிக்கு ஆடு, யாருக்கும் தெரியாது என்று பையனிடம் சொல்லிவைத்தார். லூயிஸ் என்ற பெயரில் பன்னிரண்டு ஆட்டம் ஆடினான். தெரிந்துவிட்டது. காசு வாங்கி ஆடியவன் கல்லூரி அணிக்கு ஆகாது என்று ஓராண்டு வெளியே நிறுத்தினார்கள். மக்ராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் இன்னொரு தடவை வருவார்.

1923 ஏப்ரல் 18. பிராங்க்ஸில், ரூத் ஆடிய யாங்கீஸ் அணியின் யாங்கீ ஸ்டேடியம் திறப்புவிழா. பேப் ரூத் முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்துப் புது மைதானத்துக்குப் பால் காய்ச்சினார். அதே நாள் நகரின் இன்னொரு மூலையில் கொலம்பியாவுக்காகப் பந்து எறிந்த கெரிக், வில்லியம்ஸ் கல்லூரியின் பதினேழு பேரை அடிக்கவிடாமல் ஸ்டிரைக்அவுட் செய்தான். அணி என்னவோ தோற்றது. இவனைச் சில நாட்களாகவே பின்தொடர்ந்த யாங்கீஸின் ஆள்பிடிப்பவர் பால் கிரிச்செல், இவன் எறிவதைவிட அடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாளிலேயே ஒப்பந்தம். கையில் 1,500 டாலர் முன்பணம். வீட்டில் அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை, அம்மாவுக்கும் சரியில்லை. இன்ஜினியர் கனவை அந்தப் பணம் வாங்கிக்கொண்டது.

யாங்கீஸில் ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இல்லை. வாலி பிப் என்ற அனுபவஸ்தர் பத்தாண்டாக அங்கே வேரூன்றி நின்றார். கெரிக்கை மறுபடி ஹார்ட்ஃபர்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தும் பெஞ்ச்தான்.

1925 ஜூன் 2. வாஷிங்டன் அணியோடு ஆட்டம். பிப் தலையைப் பிடித்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் வந்தார், இரண்டு ஆஸ்பிரின் கேட்டார் என்கிறது கதை. மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் அவரைப் பார்த்து, இன்று ஓய்வெடு, அந்தப் பையன் ஆடட்டும் என்றாராம்.

அமெரிக்காவில் லீவு போட அஞ்சுகிற ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் தெரிந்த கதை இது. ஒரே சிக்கல், அன்றைக்கு பிப்புக்குத் தலைவலியே இல்லை.

(தொடரும்)

2. ரூத்தின் நிழல்

பிப்புக்குத் தலையில் அடிபட்டது உண்மைதான். ஆனால் அது ஒரு மாதம் கழித்து, ஜூலை 2 அன்று. பயிற்சியில் வந்த பந்து நெற்றிப்பொட்டில் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜூன் 2 அன்று நடந்தது வேறு. அந்த ஆண்டு யாங்கீஸ் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது, பிப்பின் மட்டையும் தூங்கியது. ஹக்கின்ஸ் ஒரே நாளில் மூன்று மூத்தவர்களை உட்காரவைத்தார். அவர்களில் பிப்பும் ஒருவர். வயதான பிறகு பிப்பே தலைவலிக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆட்டம் சரியில்லையென்று தூக்கிவிட்டார்கள் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்திருக்கும்.

கெரிக்கின் இடைவிடாத ஆட்டத் தொடர் கணக்கின்படி தொடங்கியது அதற்கும் முந்தின நாள். ஜூன் 1 அன்று பீ வீ வானிங்கர் என்பவருக்குப் பதிலாக கெரிக் ஒரு தடவை மட்டை பிடித்தார். அந்த வானிங்கர் யார்? மே மாதம்தான் எவரெட் ஸ்காட் என்பவரின் இடத்துக்கு வந்தவர். ஸ்காட் யார்? இடைவிடாமல் 1,307 ஆட்டங்கள் ஆடி அதுவரை யாரும் தொடாத சாதனை வைத்திருந்தவர். ஒரு தொடர் அறுந்து ஒரு மாதத்துக்குள், அதே அணியில், அதே இடத்தின் வழியாக, அதை முறியடிக்கப் போகும் தொடர் தொடங்கிவிட்டது. அங்கே இருந்தவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. நாவலில் எழுதியிருந்தால் நம்பமாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு கெரிக் தினமும் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அடிக்காமலும் இல்லை. 1927இல் 47 ஹோம் ரன், சராசரி .373, அதாவது நூறு தடவை மட்டை பிடித்தால் முப்பத்தேழு அடி. செப்டம்பர் தொடக்கம் வரை பேப் ரூத்தும் இவரும் தோளோடு தோள் ஓடினார்கள். பிறகு ரூத் பறந்துபோய் 60ஐத் தொட்டார். உலகம் அந்த 60ஐ மட்டும் மனப்பாடம் செய்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது கெரிக்குக்குத்தான் கிடைத்தது. ஆனால் ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி இல்லை என்று அப்போது விதி, ரூத் 1923லேயே வாங்கிவிட்டார். விருதுக்குள்ளும் ரூத்தின் நிழல்.

1931இல் இருவரும் 46 ஹோம் ரன்னோடு சமம். கெரிக் அடித்தது 47. வாஷிங்டனில் அவர் அடித்த பந்து பார்வையாளர் பக்கம் விழுந்து துள்ளி மைதானத்துக்குள் திரும்பியது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த லின் லேரி, எதிரணி பிடித்துவிட்டதென்று நினைத்து நேரே பெஞ்சுக்குப் போய்விட்டார். குனிந்த தலை நிமிராமல் ஓடிய கெரிக் அவரைத் தாண்டியதாகக் கணக்காகி அவுட்.

1932 ஜூன் 3, பிலடெல்ஃபியா. ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். இருபதாம் நூற்றாண்டில் அதைச் செய்த முதல் ஆள். ஐந்தாவதும் போயிருக்கும், வேலியோரம் ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்தார். மறுநாள் தலைப்புச் செய்தி கெரிக்குடையதாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அதே நாள் முப்பதாண்டு மேனேஜர் பதவியிலிருந்து ஒரு பெரிய மனிதர் விலகினார். ஜான் மக்ரா! சொன்னேனே, வருவார் என்று.

அதே ஆண்டு அக்டோபர் 1, உலகத் தொடர். சிகாகோவில், பள்ளிப் பையனாக அவர் பந்தை வெளியே அடித்த அதே மைதானம். ரூத் விரலை நீட்டி எதையோ காட்டிவிட்டு அடித்தார் என்ற பிரசித்தமான ஹோம் ரன் அன்றுதான். காட்டினாரா, எதிரணியைத் திட்டினாரா என்று இன்றுவரை சண்டை. அதற்கு அடுத்த பந்தில் கெரிக்கும் ஹோம் ரன் அடித்தார். அதைப் பற்றிச் சண்டை போட ஆளே இல்லை.

1933 ஆகஸ்டில் ஸ்காட்டின் 1,307ஐத் தாண்டினார். செப்டம்பரில் எலினார் ட்விட்செல் என்ற சிகாகோப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மகனை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அம்மாவுக்கும் வந்த மருமகளுக்கும் ஆகவில்லை. எந்த ஊரானாலென்ன. ரூத்தோடு பேச்சுவார்த்தை நின்றதும் இந்த அம்மாவால்தான். ரூத் வீட்டுப் பெண்ணின் உடையைப் பற்றி அவர் வாய்விட்டு ஏதோ சொல்ல, இரண்டு மகாவீரர்கள் ஒரே அணியில் முகம் திருப்பிக்கொண்டு ஆடினார்கள்.

இனி 1934. இந்த ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜூன் 29. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ஒரு காட்சி ஆட்டம். வெற்றி தோல்விக்குக் கணக்கில்லை. அப்போது தலைக்கவசம் கிடையாது. பந்து கெரிக்கின் தலையில் மோதியது. நினைவிழந்து விழுந்தார், ஏறத்தாழ ஐந்து நிமிடம் எழவில்லை. மறுநாள் வாஷிங்டனில் அணியின் ஆட்டம். வீங்கிய தலையில் சொந்தத் தொப்பி ஏறவில்லை. பெரிய தலைக்காரரான ரூத்தின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று முறை மட்டை பிடித்தார், மூன்று முறையும் மூன்றாம் பேஸ் வரை ஓடும் அடி. அந்த மூன்று அடிகளும் என்ன ஆயின என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 13, டெட்ராய்ட். இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கெரிக்கைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். அன்றைய செய்தியும் அதுவல்ல, ரூத்தின் 700ஆவது ஹோம் ரன்! மறுநாள் பெயர்ப் பட்டியலில் ஒரு விசித்திரம். இருபக்கமும் உடம்பைச் சட்டெனத் திருப்ப வேண்டிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் கெரிக்கின் பெயர், அதுவும் முதல் ஆளாக. நொண்டி வந்தார், ஒரு பந்தை அடித்தார், எப்படியோ ஃபர்ஸ்ட் பேஸ் சேர்ந்தார், வேறொருவரை ஓடவிட்டு அறைக்குப் போய்விட்டார். பதிவேட்டில் ஆஜர். தொடர் தப்பித்தது.

இது ஏமாற்று வேலையா? கொஞ்சம் அப்படித்தான். பட்டினி நாளில் கூலி தவறாத அம்மாவின் பிள்ளை, ஒருநாள் வராவிட்டால் இடம் போய்விடும் என்று பிப்பைப் பார்த்துக் கற்றவர், வேறென்ன செய்வார் என்றும் தோன்றுகிறது. பின்னாளில் கைகளை எக்ஸ்ரே எடுத்தபோது பதினேழு எலும்பு முறிவுகள் தாமாகக் கூடியிருந்தது தெரிந்ததாம். ரயில் என்ஜினைக் குறிக்கும் இரும்புக் குதிரை என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

1934இல் மொத்தம் 49 ஹோம் ரன், சராசரி .363. 1936இல் மறுபடி சிறந்த ஆட்டக்காரர். 1937இல் .351.

1938இல் .295. முப்பத்தைந்து வயது ஆட்டக்காரருக்கு அது கௌரவமான எண்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு உறுத்தியது. சரியான இடத்தில் மட்டை பட்ட பந்துகூடப் பாதி வழியில் இறங்கியது. அந்த ஆண்டின் உலகத் தொடரில் அவர் நான்கு அடி அடித்தார். நான்கும் ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டாதவை.

1939 மார்ச், ஃபுளோரிடா பயிற்சி முகாம். உடைமாற்றும் அறையில் கெரிக் ஒரு காலைத் தூக்கிக் கால்சட்டைக்குள் விடப் பார்த்தார். தரையில் விழுந்தார்.

ஈரமில்லை. வழுக்கலில்லை. யாரும் தள்ளவுமில்லை.

(தொடரும்)

3. நல்லா ஆடினீங்க

விழுந்தவரை என்னவென்று கேட்க அறையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வயதாகிவிட்டது என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். பித்தப்பைக் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். இன்னும் கடினமாகப் பயிற்சி செய்தால் சரியாகும் என்று நினைத்தார் கெரிக். விடியுமுன் எழுந்து, எல்லோரும் போன பிறகும் நின்று பயிற்சி செய்தார். பிற்பாடு இதைப் படிக்கும் நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

ஆட்டப் பருவம் தொடங்கியது. எட்டு ஆட்டம், 28 தடவை மட்டை பிடித்து நான்கு அடி. சராசரி .143.

ஏப்ரல் 30, யாங்கீ ஸ்டேடியம். எதிரணி வாஷிங்டன். பந்து, எறிந்த ஜானி மர்ஃபியின் கைக்குத் திரும்பி வந்தது. ஃபர்ஸ்ட் பேஸுக்கு வீச வேண்டும், கெரிக் வந்து பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். மர்ஃபி காத்திருந்தார். கெரிக் தடுமாறி, ஒருவழியாக பேஸ் வந்து, பந்தைப் பிடித்தார். அவுட்.

கூட ஆடியவர்கள் ஓடிவந்து, நல்லா ஆடினீங்க என்று தட்டிக்கொடுத்தார்கள்.

அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பாராட்டு விழுந்த இடத்தில் கெரிக்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாதாரணமான ஒன்றைச் செய்ததற்கு நம்மைப் பாராட்டத் தொடங்கினால் அவர்கள் நம்மைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கிறார்கள்? படுக்கையில் எழுந்து உட்கார்ந்த நோயாளியைப் பாராட்டுவதும் இப்படித்தான். அன்றைய ஆட்டம் 2,130ஆவது.

மே 2. டெட்ராய்ட். ஐந்தாண்டுக்கு முன் ஷார்ட்ஸ்டாப் தந்திரத்தால் தொடரைக் காப்பாற்றிக்கொண்ட அதே ஊர், அதே மைதானம். காலையில் புக் காடிலாக் ஹோட்டலில் மேனேஜர் ஜோ மக்கார்த்தியைச் சந்தித்தார் கெரிக். என்னை எடுத்துவிடுங்கள் என்றார், அணிக்காக. மக்கார்த்தி தாமாகச் சொல்லத் துணியாமல் காத்திருந்த வார்த்தை. எந்த நாள் வேண்டுமானாலும் திரும்பி வா, உன் இடம் உனக்குத்தான் என்ற மாதிரி ஏதோ சொல்லித் தேற்றினார்.

பெயர்ப் பட்டியலை நடுவரிடம் கொடுக்கும் வேலையை அணித்தலைவர் கெரிக்கே செய்தார். ஃபர்ஸ்ட் பேஸ் என்ற இடத்துக்கு நேரே பேப் டால்கிரன் என்று எழுதியிருந்தது. பதினான்கு ஆண்டில் முதன்முறையாக கெரிக் இல்லாமல் யாங்கீஸ் ஆடப்போகிறது என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கூடியிருந்தவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம்; எதிரணியின் ஊர்க்காரர்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள். கெரிக் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் குடிப்பதுபோல் ஒதுங்கி அழுதார்.

பார்வையாளர் வரிசையில் ஒருவர் இருந்தார். மிச்சிகனிலேயே குடியேறிவிட்ட பழைய ஆட்டக்காரர். வாலி பிப்.

ஆட்டம் என்னவோ கூத்துதான்: யாங்கீஸ் 22, டெட்ராய்ட் 2. டால்கிரன் ஹோம் ரன்னும் அடித்தார். நடுவில் பெஞ்சுக்கு வந்து, ஒரு இன்னிங்ஸாவது போய் நில்லுங்கள், தொடர் அறுபடாதே என்று கெஞ்சினார். பையன்கள் நன்றாகத்தானே ஆடுகிறார்கள் என்று மறுத்துவிட்டார் கெரிக். 1934இன் தந்திரத்தைச் செய்தவர், அதைவிட எளிதாகச் செய்யக்கூடிய நாளில் செய்யவில்லை. 2,130 தடவை அவர் ஆஜரானதைவிட, ஆஜராகாத இந்த ஒருநாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எலினார் மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் இருக்கும் மேயோ கிளினிக்குக்குப் போன் போட்டார். ஜூன் நடுவில் கெரிக் அங்கே போனார். ஆறு நாள் சோதனை. ஏழாம் நாள் முடிவைக் கையில் கொடுத்தார்கள். அன்று ஜூன் 19. அவருடைய முப்பத்தாறாவது பிறந்தநாள்.

நோயின் பெயர் அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக ஏ.எல்.எஸ். 1869இலேயே பாரிஸ் மருத்துவர் ஷார்கோ விவரித்த நோய். மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. கட்டளை வராத தசை மெலிந்து சுருங்குகிறது. முதலில் கையோ காலோ; பிறகு பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். நடப்பது அத்தனையும் நோயாளிக்குத் தெரியும். தொடங்கிய பிறகு பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து ஐந்தாண்டு ஆயுள்.

இந்தக் கணக்கை எலினார் அறிந்திருந்தார். கணவரிடம் முழுக்கச் சொல்ல வேண்டாமென்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டார். இப்போதிருக்கும் நிலையிலேயே நின்றுவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று கெரிக் மனைவிக்குக் கடிதம் எழுதினார். நம்பித்தான் எழுதினாரா, அவளுக்காக எழுதினாரா? ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மறைத்த வீடு அது.

பத்திரிகைகளுக்குக் கொடுத்த மருத்துவக் கடிதத்தில், பொதுமக்களுக்குப் புரியட்டுமென்று ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள்: இது ஒருவகை இளம்பிள்ளை வாதம் என்று. அந்த ஒற்றை வரி தவறு. ஓராண்டு கழித்து அது திரும்பி வந்து கெரிக்கைக் கடிக்கும்.

ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். யாங்கீ ஸ்டேடியத்தில் 61,808 பேர். வாஷிங்டனோடு இரண்டு ஆட்டம். நடுவில் கெரிக்குக்குப் பாராட்டு. 1927 அணியின் பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். பிப், ஸ்காட், ரூத்தும்கூட. பரிசுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, கெரிக் வாங்கி உடனே தரையில் வைத்தார். பிடித்துக்கொண்டு நிற்கக் கையில் வலுவில்லை. அவர் விழுகிற மாதிரி தெரிந்தால் தாங்கிப்பிடி என்று டால்கிரன் காதில் மக்கார்த்தி சொல்லி வைத்திருந்தார்.

பேச வேண்டிய நேரம். கெரிக் தலையைக் குனிந்து நின்றார். முடியாது என்று ஜாடை காட்டினார். அறிவிப்பாளர் கூட்டத்தைப் பார்த்து, அவரால் பேச முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். ஊழியர்கள் மைக்கை எடுத்துப்போக வந்தார்கள்.

கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது.

(தொடரும்)

4. மூடிய கோப்பு

மக்கார்த்தி முதுகில் கை வைத்து ஏதோ சொன்னார். கெரிக் மைக் அருகே போனார். கையில் காகிதமில்லை.

எனக்கு நேர்ந்த கெட்ட காலத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள், ஆனாலும் இன்று இந்தப் பூமியிலேயே அதிர்ஷ்டசாலி நான்தான் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் தொடங்கினார். சேர்ந்து ஆடியவர்களைச் சொன்னார், மேனேஜர்களைச் சொன்னார், மைதானத்தைப் பராமரிக்கிற ஊழியர்களைக்கூட விடவில்லை. மகளோடு சண்டை வந்தால் மருமகனின் பக்கம் நிற்கும் மாமியாரைச் சொன்னார். பிள்ளை படிக்க ஆயுளெல்லாம் உழைத்த அப்பா அம்மாவையும், தாங்கி நிற்கும் மனைவியையும் சொன்னார். இரண்டு நிமிடம்தான். அமெரிக்காவில் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பேச்சைச் சொல்கிறார்கள்; ஆனால் முழு ஒலிப்பதிவு எங்குமில்லை. செய்திப்படத் துண்டுகளில் சில வாக்கியங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. முடித்ததும் ரூத் வந்து கட்டிக்கொண்டார். பேசாத ஆண்டுகள் அங்கே ஒரு நொடிக்காவது கரைந்தன.

அன்று முதல் நான்காம் எண் சட்டையை யாங்கீஸில் வேறு யாரும் அணிவதில்லை. ஒருவருக்காக ஓர் எண்ணை ஓய்வுபெறச் செய்யும் வழக்கம் பேஸ்பாலில் அவரோடு பிறந்தது. டிசம்பரில், காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து புகழ் மண்டபத்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. மனிதர் வேலைக்குப் போனார்! நியூயார்க் மேயர் லாகார்டியா அவரை நகரத்தின் பரோல் ஆணையராக்கினார். ஆண்டுச் சம்பளம் 5,700 டாலர். அதைவிடப் பலமடங்கு தர ஆயத்தமாக இருந்த விளம்பர வேலைகளை விட்டுவிட்டு 1940 ஜனவரியில் பதவியேற்றார். நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டுமென்ற விதிக்காக பிராங்க்ஸின் ரிவர்டேலுக்கு வீடு மாறினார். சிறைகளுக்குப் போனார், கோப்புகளைப் படித்தார். விரல் பேனாவைப் பிடிக்காத நாட்களில் எலினார் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தார்.

ஒருநாள் அவர் முன் கொண்டுவந்த ஒரு தெருச்சண்டைப் பையனை மறுபடி சீர்திருத்தப் பள்ளிக்கே அனுப்பினார். பையன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். அவன்தான் ராக்கி கிராசியானோ. 1947இல் குத்துச்சண்டை மிடில்வெயிட் உலக சாம்பியன். அன்று திட்டியதற்காகப் பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

1940 ஆகஸ்ட். நான்கு ஆண்டு தொடர்ந்து சாம்பியனான யாங்கீஸ் தடுமாறிக்கொண்டிருந்தது. நியூயார்க் டெய்லி நியூஸின் ஜிம்மி பவர்ஸ், கெரிக்கிடமிருந்து இளம்பிள்ளை வாதக் கிருமி அணியினருக்குத் தொற்றியிருக்குமோ என்று எழுதினார். மருத்துவக் கடிதத்தின் அந்த ஒற்றை வரியிலிருந்து முளைத்த விஷச்செடி இது. ஏ.எல்.எஸ். தொற்றுநோயே அல்ல. கெரிக் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, 17,500 டாலருக்குச் சமாதானமானது.

1941 ஜூன் 2 இரவு, வீட்டிலேயே, கெரிக் இறந்தார். வயது 37. பிப்பின் இடத்தில் இறங்கிச் சரியாகப் பதினாறு ஆண்டு, நாள் பிசகாமல். யாங்கீஸுக்கு மறுநாள் ஆட்டம் எங்கே தெரியுமா? டெட்ராய்ட்டில். இறுதிச் சடங்கில் பிரசங்கம் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்தவரைப் பற்றி என்ன சொல்ல என்று பாதிரியார் விட்டுவிட்டார்.

எலினார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1984இல் இறக்கும்வரை இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதே அவர் வேலை. அமெரிக்காவில் நோய்க்கே லூ கெரிக் நோய் என்று பெயர் நிலைத்தது. பிரிட்டனில் அதை இயக்க நரம்பணு நோய் என்பார்கள். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது அதுதான். ஐம்பத்தைந்து ஆண்டு அதோடு வாழ்ந்த ஹாக்கிங் மிக அபூர்வமான விதிவிலக்கு. முதல் மருந்தான ரிலூசோல் 1995இல்தான் வந்தது, அதுவும் சில மாதங்களைக் கூட்டித் தருவது. 1993இல் அடையாளம் கண்ட ஒரு மரபணுக் கோளாறைக் குறிவைக்கும் டோஃபெர்சென் 2023இல் அனுமதி பெற்றது; நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே அது பொருந்தும். 2014இல் நம் ஊர் நடிகர்கள்கூடப் பனிக்கட்டித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார்களே, அது ஏ.எல்.எஸ்.ஸுக்காகத்தான். அந்த அலையைப் பரப்பியவர்களில் முக்கியமான பீட் ஃபிரேட்ஸ் பாஸ்டன் கல்லூரியின் பேஸ்பால் ஆட்டக்காரர், தாமே அந்த நோய்க்கு ஆளானவர். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது.

1995 செப்டம்பர் 6 அன்று பால்டிமோரில் கால் ரிப்கன் என்ற ஆட்டக்காரர் இடைவிடாத 2,131ஆவது ஆட்டத்தில் இறங்கி கெரிக்கின் சாதனையைத் தாண்டினார். 1998இல் 2,632ஐத் தொட்டபோது தாமாகவே நிறுத்திக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். 2010இல் பாஸ்டனிலிருந்து ஒரு குண்டு விழுந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட சில விளையாட்டு வீரர்களின் மூளையையும் முதுகுத்தண்டையும் ஆராய்ந்த ஆன் மக்கீயின் குழு, ஏ.எல்.எஸ். போலவே தோன்றும் ஒரு நோயைக் கண்டது. அடிகளால் திரளும் புரதங்கள் நரம்பு செல்களைக் கொல்கின்றன என்றார்கள். கட்டுரையில் கெரிக்கின் பெயர் இல்லை. ஆனால் படித்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். பல தடவை பந்தால் தலையில் அடிபட்டவர். அடிபட்ட மறுநாளே இறங்கியவர். லூ கெரிக்குக்கு வந்தது லூ கெரிக் நோய்தானா?

பல நரம்பியல் நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. நோய் போன போக்கு முழுக்க ஏ.எல்.எஸ்.தான் என்கிறார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. உடலை எரித்துவிட்டார்கள்; சாம்பல் வல்ஹாலா என்ற ஊரின் கென்சிகோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மேயோ கிளினிக்கில் இருக்கும் மருத்துவக் கோப்பு வெளியே வரவில்லை. இறந்து நெடுங்காலமானவர்களின் கோப்பைத் திறக்க 2012இல் மினசோட்டா சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

ஒரு பாக்கி வைத்திருந்தேன். 1934 ஜூன் 30, வாஷிங்டன். முந்தின நாள் நினைவிழந்து கிடந்தவர், ரூத்தின் தொப்பியோடு வந்து அடித்த மூன்று அடிகள். ஆட்டம் ஐந்தாவது இன்னிங்ஸில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை ரத்து செய்தார்கள். விதிப்படி அது நடக்காத ஆட்டம். அந்த மூன்று அடிகளும் ஏட்டில் ஏறவில்லை. 2,130 என்ற எண்ணிலும் அந்த நாள் கிடையாது.

(முற்றும்)